அலமாரியில் குடியிருப்பவர்

பல் துலக்கியதும் தம்பி ஒரு டம்ளர் வெந்நீரில் உப்பைப் போட்டுக் கலக்குகிறான். தலையை அண்ணாந்து, கண்ணை மூடி, தொண்டைக்குள் களகளவென்று கொப்புளிக்கிறான். பிறகு கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு சட்டைக்கு இஸ்திரி போடுகிறான். இத்தனைக்கும் நடுவில் ஒரு வார்த்தை பேசமாட்டான். "முட்டை ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டால் இரண்டு விரலைக் காட்டுவான். "குடை எடுத்துக்கிட்டியா?" என்றால் புருவத்தை உயர்த்துவான். எடுத்துக்கொண்டான் என்று அர்த்தம்.

முதல் நாள் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவனைப் பார்க்கவென்று விமானம் ஏறி வந்திருக்கிறேன், அவன் என்னிடம் ஊமைச் சாடை காட்டுகிறான். "வாய்ல என்னடா, கொழுக்கட்டையா வெச்சிருக்க?" என்றேன். தொண்டையைத் தொட்டுக் காட்டினான். ஜன்னலுக்கு வெளியே, பள்ளிக்கூடம் இருக்கும் பக்கம் கையைக் காட்டினான். பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான்.

விளக்கம் மாலையில்தான் கிடைத்தது, அதுவும் பாதி காற்றாக. "காலைக் குரல்தான்க்கா நல்ல குரல். அது அங்க வேணும். வீட்ல செலவு பண்ணிட்டா, மத்தியானப் பாட்டுக்கு வெறும் காத்துதான் வரும்."

தம்பி அந்த நாட்டில் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறான். எட்டு வருடமாக இதுதான் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் அவன் ஒருவன்தான். நான் பத்தாவதோடு நின்றவள். அவனுக்குத் தொண்டை கட்டி மாதக்கணக்கில் சரியாகவில்லை என்று கேள்விப்பட்டபோது, என் மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, "போய்ப் பார்த்துட்டு வாம்மா, மாமா சாப்பிடுறாரா இல்லையான்னே தெரியல" என்றான். இரண்டு மாதம் தம்பியோடு இருந்தேன்.

அவன் ஆள் பெரியவன். கதவைத் தாண்டும்போது தலையைக் குனிவான். அந்த உடம்பை வைத்துக்கொண்டு, என் முழங்கால் உயரம் கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறான். முழங்கால்கள் முகவாயை இடிக்கின்றன. வீட்டில் இருந்தவரை குடித்த டம்ளரைக் கழுவி வைத்தவன் இல்லை. இப்போது இருபது பேருக்கு மூக்குத் துடைக்கிறான், வலம் இடம் மாறிய செருப்பைச் சரியாக மாட்டிவிடுகிறான், யார் சட்டையில் யார் சாறு கொட்டினார்கள் என்று பஞ்சாயத்துப் பண்ணுகிறான். சட்டைப்பையில் எப்போதும் ஸ்டிக்கர் இருக்கும். வீட்டுக்கு வரும்போது முழங்கையில் ஒரு நட்சத்திரமோ, முதுகில் ஒரு முயலோ ஒட்டியிருக்கும். நான்தான் பிய்த்து எடுப்பேன்.

பள்ளிக்கூடம் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. படியேறியதும் சுவரில் பெரிய படம்: மஞ்சள் முடியோடு ஒரு பெண், குழந்தைகளைக் கட்டிப்பிடித்துச் சிரிக்கிறாள்.

"இவங்க எந்த வகுப்புடா?"

"எந்த வகுப்பும் இல்ல. இங்க வேலையே பார்க்காத டீச்சர். அவங்கதான் எங்க எல்லாருக்கும் சீனியர்" என்றான். சில பெற்றோர், அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே துணை டீச்சரிடம், "படத்துல இருக்கறவங்க எப்ப வருவாங்க?" என்று கேட்பார்களாம், அவனுக்குப் புரியாது என்ற தைரியத்தில்.

இந்த இடத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தின் சட்டத்தைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு டீச்சருக்கு அந்த ஊர் மொழி ஒரு வார்த்தை கூடத் தெரியாது. தெரிந்தாலும் தெரியாது. அப்போதுதான் குழந்தைகள் வேறு வழியில்லாமல் இங்கிலீஷில் பேசுமாம். சேர்க்கையின்போது முதலாளியம்மா பெற்றோரிடம் முதலில் சொல்வதே இதைத்தான். ஒரு குழந்தை தன் மொழியில் எதையாவது கேட்டால், தம்பி காதருகே கையைக் குவித்துத் தலையைச் சாய்க்க வேண்டும். குழந்தை இங்கிலீஷில் சொல்லும்வரை அப்படியே நிற்க வேண்டும். எட்டு வருடமாகச் சாய்த்துச் சாய்த்து அவன் கழுத்து ஒரு பக்கம் லேசாக வளைந்துவிட்டது போல எனக்குப் பட்டது. "உனக்கு எல்லாமே கண்ணுல பூதக்கண்ணாடிதான்க்கா" என்றான்.

உண்மையில் அவனுக்கு அந்த மொழி நன்றாகவே வரும். ஆனால் அதில் ஒரு கோளாறு. அவன் அதைக் கற்றுக்கொண்டது ஐந்து வயதுப் பிள்ளைகளிடம். ஆகவே, அவன் பேசுவது ஐந்து வயதுப் பிள்ளை பேசுவது மாதிரியே இருக்கும். ஒரு நாள் தொண்டைக்கு மிட்டாய் வாங்க மருந்துக்கடைக்குப் போனோம். இவன் வாய் திறந்ததும் மருந்துக்கடைக்கார அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். "அப்படி என்னடா கேட்ட?" என்றேன். "'எனக்குத் தொண்டை உவ்வா, இனிப்பா ஒண்ணு குடுங்க'ன்னு கேட்டிருப்பேன் போல" என்றான். அந்த அம்மா மட்டும்தான் அந்த ஊரில் அவன் ரகசியம் தெரிந்தவர். மாடியில் யாரிடமும் அவர் மூச்சு விட்டதில்லை.

மாலையில் வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுந்தரையில் படுத்து, இரண்டு காலையும் தூக்கிக் கட்டிலின்மேல் போட்டுக்கொள்வான். ஒரு பாட்டுக்கு எத்தனை தடவை குதிக்கிறான் என்பது அந்தக் கால்களைப் பார்த்தால் தெரியும். படுத்தபடியே அன்றைய சேதிகளைக் கிசுகிசுப்பான். இவனுக்குப் புரியாது என்று குழந்தைகள் இவன் எதிரிலேயே எல்லாவற்றையும் பேசும். யார் வீட்டில் சண்டை, யார் படுக்கையை நனைத்தது, எந்த அப்பா அழுதார், எல்லாம் இவனுக்குத் தெரியும். எதுவும் தெரியாத முகத்தோடு, "ஹவ் ஆர் யூ?" என்று கேட்பான். காய்ச்சலோடு வந்த பிள்ளையும், "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ" என்று சொல்லும்.

அவனுக்குப் பட்டப்பெயர் உண்டு. வரிசையில் முதல் ஆளாகவே நிற்கும் ஒரு பயல் வைத்தது. அந்தப் பயலைத் தம்பி என்னிடம் 'தலைவர்' என்றுதான் சொல்வான். "தலைவர் என்னை 'உப்புன பை'ங்கறாருக்கா. 'இன்னிக்கு உப்புன பை புதுச் சட்டை போட்டிருக்கு'ன்னு மத்தவங்களுக்கு அறிவிப்பு. நான் என்ன பண்றது? 'வெரி குட்'னு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன்."

ஆனால் தலைவரின் இன்னொரு கண்டுபிடிப்பு இதைவிடப் பெரியது. வகுப்பு மூலையில் ஓர் அலமாரி இருக்கிறது. அதில் தம்பியின் மாற்றுச் சட்டை தொங்கும். கீழே ஒரு ஜோடிச் செருப்பு, ஒரு குவளை, ஒரு பல் துலக்கும் பிரஷ், பிள்ளைகள் மத்தியானம் தூங்கும் தலையணைகள். ஒரு நாள் கதவு திறந்திருந்தபோது தலைவர் இதையெல்லாம் பார்த்துவிட்டார். சட்டை, செருப்பு, பிரஷ், தலையணை. அப்புறம் என்ன சந்தேகம்? டீச்சருக்கு வீடு கிடையாது. எல்லாரும் போனதும் விளக்கை அணைத்துவிட்டு அலமாரிக்குள் நுழைந்து தூங்கிவிடுவார். தீர்ப்பு வகுப்பு முழுவதும் பரவிவிட்டது.

அதற்குப் பிறகு அலமாரியில் ஒரு பிஸ்கெட் வர ஆரம்பித்தது. காகித உறையோடு, குவளைக்குள் நிற்க வைத்தபடி. வைத்தவள் யாரென்று இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. சட்டையின் மேல் பொத்தானை எந்நேரமும் திருகிக்கொண்டே இருக்கும் ஒரு பெண் குழந்தை. எங்கள் பேச்சில் அவள் பெயர் 'பொத்தான்'. வகுப்பில் வாயே திறக்காது. இங்கிலீஷிலும் இல்லை, தன் மொழியிலும் இல்லை. தன் தின்பண்டத்தில் பாதியை எடுத்து வைத்து, வீட்டுக்குக் கிளம்பும் சந்தடியில் அலமாரிக்குள் போட்டுவிட்டுப் போகும். தம்பி அதைத் தின்றுவிட்டு உறையை அப்படியே குவளைக்குள் விட்டுவைப்பான். மறுநாள் காலையில் பொத்தான் வந்ததும் முதலில் போய்க் கதவிடுக்கில் எட்டிப் பார்க்கும். உறை காலியாக இருந்தால் நிம்மதியாகத் தன் நாற்காலிக்குப் போகும்.

"வீட்டுக்கு எடுத்துட்டு வந்து தின்னா என்னடா?" என்றேன்.

"உறை அங்க இருக்கணும்க்கா. இல்லாட்டி எலி தின்னுச்சா, நான் தின்னேனான்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

தம்பிக்கும் ஐந்து வயதில் ஒரு பாப்பா இருக்கிறாள், ஊரில் தாயோடு. அவன் கடைசியாக ஊருக்கு வந்தபோது அவளுக்கு மூன்று வயது. தினமும் மாலையில் கூப்பிடுவாள். அந்த நேரம் இவனிடம் குரல் மிச்சம் இருக்காது. போனை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டு கிசுகிசுப்பான். ஒரு நாள் அவள் கேட்டாள்: "அப்பா, நீங்க ஏன் எப்பவும் ரகசியமாவே பேசுறீங்க? பக்கத்துல யாராச்சும் தூங்குறாங்களா?"

"ஆமாண்டா, பாப்பா எல்லாம் தூங்குறாங்க" என்றான்.

"யாரு பாப்பா?"

போனை என்னிடம் நீட்டிவிட்டான்.

பேச்சு முடிந்ததும், அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னு சும்மாவா சொன்னாங்க?" என்றேன். மல்லாந்து படுத்திருந்தவன் உத்தரத்தைப் பார்த்தபடியே, "தானாத்தான் வளருதுக்கா. அதான் பயமா இருக்கு" என்றான்.

மனைவியையும் பாப்பாவையும் அழைத்துக்கொள்ள ஒரே வழிதான் இருந்தது. வருடாவருடம் புதுப்பிக்கும் வேலைக்குக் குடும்ப விசா கிடையாது. இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டால் உண்டு. முதலாளியம்மா இந்த முறை தருவதாகச் சொல்லியிருந்தார். ஆண்டுக் கடைசியில் பெற்றோர் வந்து உட்கார்ந்து பார்க்கும் வகுப்பு ஒன்று நடக்கும். அது நன்றாக நடந்தால் இரண்டு வருடம். ஊரில் பாப்பாவுக்கு அதற்குள் சொல்லியாகிவிட்டது. விமானத்தில் ஜன்னல் பக்கம் உட்காருவது யார் என்று தாயோடு சண்டை கூடப் போட்டுவிட்டாள்.

ஒரு வாரம் தம்பி வீட்டில் சாடையிலேயே வாழ்ந்தான். மாலை அழைப்பைக் கூட நானே எடுத்தேன். அவன் கையில் மாட்டிப் பேசவைக்கும் தவளைப் பொம்மைக்கு வாய் கிழிந்திருந்தது. பேசிப் பேசி இவனுக்குத் தொண்டை போனது போல அதற்கு வாய் போயிருந்தது. உள்பக்கம் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தேன். என்னையும் வகுப்புக்கு வரச் சொன்னான். "ஆனா அங்க என்கிட்டத் தமிழ்ல பேசிடாதக்கா. அங்க எனக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும்."

"அப்ப உன் அக்காவையும் தெரியாதுன்னு சொல்லிடு" என்றேன். சத்தமில்லாமல் சிரித்தான்.

பெற்றோர் சுவரோரம் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் கடைசி நாற்காலியில். முதலாளியம்மா சாவிக்கொத்தோடு கதவருகே நின்றார். தம்பி பாடினான், குதித்தான், கரடியாக நடந்தான். சேமித்த குரல் அத்தனையும் கணீரென்று வந்தது. எனக்கே அது யார் குரல் என்று இருந்தது. பெற்றோர் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். முதலாளியம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் தலை ஆட ஆட, எனக்கு விமானத்தின் ஜன்னல் தெரிந்தது.

கடைசி விளையாட்டு, ஒவ்வொரு குழந்தையாக வந்து தவளையோடு பேசுவது. தவளை, "ஹவ் ஆர் யூ?" என்னும். குழந்தை பதில் சொல்லி ஸ்டிக்கர் வாங்கிக்கொண்டு போகும். தலைவர் முதலில் வந்து முழங்கிவிட்டுப் போனார். கடைசியாக வந்தது பொத்தான்.

இனி அவர்கள் பேசியது எனக்கு அப்போது புரியவில்லை. அன்று மாலை தம்பி சொன்னதைக் கொண்டு எழுதுகிறேன்.

தவளை கேட்டது. பொத்தான் தவளையைப் பார்க்கவில்லை, அலமாரியைப் பார்த்தது. அதன் அப்பா போனைப் பிடித்தபடி, சத்தமில்லாமல் வாயை அசைத்து அசைத்துப் பதிலைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று பொத்தான் தன் மொழியில், அறை முழுக்கக் கேட்கும்படி பேசியது.

"நாளைலேர்ந்து லீவு. நாங்க யாரும் வர மாட்டோம். அலமாரிக்குள்ள உங்களுக்கு யாரு சாப்பாடு குடுப்பாங்க?"

பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் ஒரு குழந்தை கூடச் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் அதே கவலைதான். எல்லாரும் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பழக்கத்தில் தம்பியின் கை காதருகே போனது. தலை சாய்ந்தது. பொத்தான் இங்கிலீஷில் சொல்லப் பார்த்தது. வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. விரல்கள் சட்டைப் பொத்தானைத் திருகிய திருகில், அது நூலோடு பிய்ந்து தரையில் உருண்டது.

தம்பி தவளையைக் கழற்றித் தரையில் வைத்தான். மண்டியிட்டு அவள் முகத்துக்கு நேரே வந்தான். அந்த ஊர் மொழியில், தனக்குத் தெரிந்த ஐந்து வயது மொழியில், சொன்னான்: "எனக்கு வீடு இருக்கு. கட்டில் இருக்கு. ஜன்னல் இருக்கு. அதோ உக்காந்திருக்காங்க பாரு, அது எங்க அக்கா. அக்கா எனக்கு முட்டை பொரிச்சுக் குடுப்பாங்க. ரெண்டு. நான் அலமாரில தூங்கல."

அவன் கை என்னை நோக்கி நீண்டது. அறையே திரும்பி என்னைப் பார்த்தது. ஒன்றும் புரியாத நான், வகுப்பில் பேர் கூப்பிட்ட பிள்ளை மாதிரி எழுந்து நின்றேன்.

முதலில் தலைவர்தான் கத்தினார்: "டீச்சருக்குப் பேச்சு வந்துடுச்சு!"

கத்திய மறுகணமே அவருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். வருடம் முழுக்கப் பேசியதெல்லாம் ஞாபகம் வந்திருக்கும். சட்டையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார். பெரியவர்களிலும் இரண்டு பேர் சுவரைப் பார்த்தார்கள். மஞ்சள் முடி டீச்சரைப் பற்றி விசாரித்தவர்கள் அவர்கள்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஒருவர் கதவருகே திரும்பி முதலாளியம்மாவிடம் ஏதோ கேட்டார். அவர் தலையாட்டுவதை நிறுத்தியிருந்தார்.

பொத்தான் மட்டும் வேறு எதையும் கவனிக்கவில்லை. நாற்காலிகளைத் தாண்டி நேரே என்னிடம் வந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தது. பையிலிருந்து ஒரு பாதி பிஸ்கெட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டுப் போனது. பொறுப்பை ஒப்படைத்தாயிற்று.

எல்லாரும் போனபிறகு முதலாளியம்மா தம்பியைத் தனியே அழைத்தார். நான் படிக்கட்டில், அந்தப் படத்துக்குக் கீழே நின்றேன். வெகுநேரம் ஆகவில்லை. இறங்கி வந்தான்.

வீட்டுக்கு வந்து காலைத் தூக்கிக் கட்டிலில் போட்டபிறகுதான் சொன்னான்: "ஒரு வருஷம் குடுத்திருக்காங்க. ரெண்டு வருஷத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்னுட்டாங்க. 'உனக்கு மொழி தெரியாதுங்கறதை நம்பித்தான் பிள்ளைங்களை அனுப்புறாங்க, இப்ப அவங்களுக்கு நான் என்ன சொல்ல?'ங்கறாங்க. நியாயம்தான். புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு நான் மறுபடியும் ஊமை."

எனக்கு ஆறவில்லை. "கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதாடா? வீட்ல மட்டும் அப்படி மூடிக்கிட்டு இருப்பியே. சிரிச்சு மழுப்பிட்டு, அவங்க போனப்புறம் அந்தப் புள்ளகிட்ட மெதுவாச் சொல்லியிருக்கலாம்ல?"

"அதோட அப்பா கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பாருக்கா. லீவு முழுக்க அந்தப் புள்ள தூங்காது."

"உன் புள்ள?"

கண்ணை மூடிக்கொண்டான். அதைக் கேட்டிருக்க வேண்டாம். மாலை அழைப்பு வந்தது. அதற்குமேல் அவனுக்குக் கிசுகிசுக்கக் கூடக் குரல் இல்லை. அப்பா அசந்து தூங்குகிறார் என்று நானே சொல்லி வைத்துவிட்டேன்.

லீவு குழந்தைகளுக்குத்தான், டீச்சர்களுக்கு இல்லை. மறுநாள் புதிதாகச் சேர்க்க வரும் பெற்றோர் முன்னால் அவன் பாடிக் காட்ட வேண்டியிருந்தது. காலையில் வழக்கம்போல வெந்நீர் வைத்து, உப்புப் போட்டு, டம்ளரை மேடையில் வைத்தேன். பல் துலக்கிவிட்டு வந்தான். டம்ளரை எடுக்கவில்லை. போனை எடுத்து ஊருக்குக் கூப்பிட்டான். அங்கே பாப்பா பள்ளிக்குக் கிளம்பும் நேரம். தாய் போனை எங்கோ சாய்த்து வைத்துவிட்டுத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பாப்பாவின் முதுகும் ஒரு பாதிச் சடையும்தான் தெரிந்தன.

"பாப்பா" என்றான், முழுக் குரலில்.

பாப்பா திரும்பவில்லை. தலை தாயின் கையில் இருந்தது. "அம்மா, யாரும்மா அது பேசுறது?" என்றாள்.

தம்பி டம்ளரை எடுத்து, உப்புத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டி, அதைக் கவிழ்த்து வைத்தான். போனை ஜன்னல் கட்டையில் நிறுத்திவிட்டு, கரடியைப் போல இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, அவன் தினமும் வகுப்பில் முதலில் பாடும் பாட்டை எடுத்தான்.